செல்வதாஸின் புழு

வாசலில் நின்று முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான், அந்த வீட்டில் எந்தப் பொய்யைச் சொல்வதென்று செல்வதாஸ் முடிவு செய்வார். வலை காய்ந்தால் புழு. உளிச் சத்தம் கேட்டால் விரிசல். இரண்டும் இல்லையென்றால் தொண்டையைக் கனைத்து, குடையை மடக்கி, மறுபடி விரித்துக் கொஞ்சம் அவகாசம் தேடிக்கொள்வார்.

திருவிதாங்கூர் சுகாதார இலாகாவில் கீழ்ப்படி உத்தியோகம். வாந்திபேதி தலைகாட்டும் மாதங்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்டுவிடுகிற ஜனங்கள் அல்ல நம்மவர்கள். ஏன் என்பார்கள். காரணம் கையில் பிடிக்கிற மாதிரி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் விறகு வீண் என்று விட்டுவிடுவார்கள்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ரீத்தா என்று ஒரு மீன்காரி. "மீன் குடலில நூலு மாதிரி புழு கிடக்குமில்லா? அதுக்க குஞ்சுக்குக் குஞ்சுதான் தண்ணியில கிடக்கு" என்றார் செல்வதாஸ்.

"அப்பம் துணியில வடிச்சாப் போருமே, சாரே."

"துணிக்க கண்ணைவிட அது சின்னது."

"அம்புட்டுச் சின்னதுன்னா அது என்னத்தச் செய்யப் போகுது? சாளைமீன் குஞ்சு கடிச்சு ஆராவது செத்திருக்கா?" என்று கேட்டுவிட்டு, போனால் போகட்டும் என்று அடுப்பை மூட்டினாள். மயிலாடியில் கல்தச்சர்களிடம் புழு செல்லுபடியாகவில்லை. வெளியே தெரியாத விரிசல் ஒன்று நல்ல கல்லையும் பாதி வேலையில் பிளந்துவிடும், தண்ணீருக்குள் இருப்பதும் அப்படித்தான் என்றார். கல்லையாவது தட்டிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடிக்கலாம். தண்ணீரைத் தட்ட முடியாதே. கொதிக்கவைக்கத்தான் முடியும். அவர்கள் தலையசைத்தார்கள்.

இதைச் சாமர்த்தியம் என்று புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது. ஞாயிறுதோறும் கிறிஸ்தவக் கோயிலில் வேதபாடம் வாசிக்கிற மனிதர். பொய் சொல்லும்போது காது மடல் சிவக்கும். இராத்திரி சாப்பாட்டில் மனைவி ராஜபாயிடம் தன் கட்சியை எடுத்துச் சொல்வார்: "பூமி உருண்டைன்னு படிச்ச கொத்தனாரும் சுவர் வைக்கும்போது பூமி தட்டைன்னு நெனச்சுத்தான் நூல் பிடிக்கான். சுவரு நிக்குதா இல்லியா?"

"கொத்தனாரு நூலுதான் பிடிக்கான். உங்களைப் போலப் புழுவா பிடிக்கான்? ஞாயிற்றுக்கிழமை சத்தியம், திங்கக்கிழமை புழு. மீனுல முள்ளு இருக்கு, பாத்துத் தின்னுங்க."

உண்மை எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும் என்பதுதான் சங்கடம். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர் இரக்கப்பட்டு, ஒரே ஒருமுறை வாந்திபேதிக் கிருமியை மைக்ராஸ்கோப் என்கிற பெரிய பூதக்கண்ணாடியில் பார்க்கவிட்டார். கால்புள்ளியைப் போல வளைந்த துணுக்குகள், வெட்டி வெட்டி ஓடிக்கொண்டிருந்தன. புழுவுமில்லை, விதையுமில்லை, ஊரார் கண்ட எதைப்போலவும் இல்லை. இந்தத் தாலுகாவில் அதைக் கண்ணால் கண்டவன் நான் என்று, யாரும் கேட்காதபோதும் சொல்வார். அவரிடமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

அந்தப் பெருமைக்குப் போன தை மாதம் சோதனை வந்தது. தோவாளைப் பக்கத்து ஊர் ஒன்றில் கால்வாய்க்கு அக்கரையில் வாந்திபேதிச் சாவு விழுந்திருந்தது. இக்கரையில் நாராயணபெருமாள் பிள்ளை வீடு. வயல்காரர், சைவம். மகள் பகவதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். செல்வதாஸ் முதல் தடவை போனபோது முற்றம் பெருக்கித் துடைத்த மாதிரிக் கிடந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பழக்கதோஷத்தில் புழுவையே சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனவரைப் பிள்ளை கைதட்டிக் கூப்பிட்டார்.

"வாரும்வே. நல்லவேளை சொன்னீரு. இல்லேன்னா இந்த வீட்டில தெரியாமலே மாமிசம் உள்ள போயிருக்கும்."

"என்ன சொல்லுதிய பிள்ளைவாள்?"

"தண்ணியில புழு கெடக்குன்னு நீர்தானே சொன்னீரு? அதை அவிச்சா என்னவே? புழுச் சாறு. பகவதிக்குத் தினமும் சுக்குவெந்நி குடுத்துக்கிட்டிருந்தோம். அன்னைக்கே நிறுத்தியாச்சு. இப்போ பச்சைத்தண்ணிதான்."

தான் வராமலே இருந்திருந்தால் அந்தப் பெண் வெந்நீரே குடித்துக்கொண்டிருப்பாள் என்பது செல்வதாஸுக்கு உறைத்தது.

"பச்சையாக் குடிச்சா புழு உள்ள போகாதா, பிள்ளைவாள்?"

"போகும். உசுரோட போகும். கொன்ன பாவம் நமக்கில்லலா."

இனி உண்மைதான் கதி என்று செல்வதாஸ் துணிந்தார். "அது புழுவே இல்ல. பிராணியும் இல்ல, செடியும் இல்ல. அது வேற ஒரு வகை."

"நீர் கண்டிருக்கீரா?"

"கண்டிருக்கேன். பூதக்கண்ணாடியில, இந்தக் கண்ணால."

"அசையுமா?"

"அசையும்."

"போரும்வே. அசையுததெல்லாம் உசுருதான். அதை அவிக்கமாட்டோம்."

உள்ளே பானையில் பகவதி தண்ணீர் கோரும் சத்தம் கேட்டது. செல்வதாஸ் முற்றத்தைப் பார்த்தார். இன்று அது காலியாக இல்லை. அவித்த நெல்லைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள்.

"பிள்ளைவாள், இந்த நெல்லை வயலில விதைச்சா முளைக்குமா?"

"அவிச்ச நெல்லு எங்கன ஓய் முளைக்கும்? உமக்குக் கிறுக்கா?"

"அதேதான். தண்ணியில கெடக்கது ஒரு விதை. வயித்துக்குள்ள போனா முளைக்கும். அவிச்சா முளைக்காது. விதை சைவம்தானே?"

பிள்ளை தாடையைச் சொறிந்தார். விதை அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகமே காட்டியது. ஆனால் வயல்காரர் லேசில் விடுவாரா? "அசையும்னீரே. விதை எங்கேயாவது அசையுமா?"

வளைந்த துணுக்குகள் இன்னொரு முறை செல்வதாஸின் கண்ணுக்குள் வெட்டி வெட்டி ஓடின.

"அசைஞ்சது அதில்ல பிள்ளைவாள். என் கண்ணு. இந்த வலது கண்ணு சின்னப் பிள்ளையிலேயே கொஞ்சம் ஆடும். ஆடுத கண்ணால பாத்துட்டு நான் பாட்டுக்குப் புழுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்."

பிள்ளை வயிறு குலுங்கச் சிரித்தார். "கண்ணு தெரியாதவனைப் பாத்துத்தான் சர்க்காரு தண்ணி பாக்க அனுப்பிச்சா?"

"நல்ல கண்ணு உள்ளவனுக்கெல்லாம் வேற வேலை கெடைச்சுப் போச்சு பிள்ளைவாள்."

சிரிப்பு அடங்கியதும் பிள்ளை உள்பக்கம் திரும்பிக் குரல்கொடுத்தார்: "இஞ்ச, பகவதி கையில இருக்க தண்ணியைக் கீழே கொட்டுங்க. சுக்குவெந்நி வையுங்க. பச்சைத்தண்ணி கோரின செம்பை அதுக்குள்ள முக்காண்டாம். அவிச்ச நெல்லுக்குள்ள பச்சை நெல்லு விழுந்தா அது முளைக்கத்தான் செய்யும்."

செம்பைப் பற்றிச் செல்வதாஸ் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. புழுவை வைத்துக்கொண்டு அவருக்கு அது தோன்றவுமில்லை.

வெந்நீர் கொதித்ததும் கதவோரம் பகவதி வந்து நின்றாள். வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தாள். அதைப் பார்த்த பிறகே செல்வதாஸ் குடையை விரித்தார்.

"நில்லும்வே" என்றார் பிள்ளை. வேலியோரச் செடியிலிருந்து நந்தியாவட்டைப் பூக்களைப் பறித்து வந்து, விரல் படாமல் உயரத்திலிருந்து அவர் கையில் போட்டார். "கண்ணுக்கு நல்லது. இப்பமே ஒத்தும். ஆட்டம் நிக்கும்."

தெருமுனை திரும்பும்வரை பிள்ளை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செல்வதாஸ் வலது கண்ணைப் பூவால் பொத்திக்கொண்டு, தெருக்கல்லில் கால் இடறாமல், ஒற்றைக் கண்ணால் வழிபார்த்து நடந்தார்.