அம்சம் அடித்த ஆணி

செம்பியன்கட்டளைக் கடைத்தெருவில் ஜெக்கரியா ஸ்டூடியோவின் பின்கட்டில் உட்கார்ந்து, கறுப்பு வெள்ளைப் போட்டோக்களுக்குக் கலர் ஏற்றிக்கொண்டிருந்தவள் அம்சம். ஈர்க்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ரோஸ் கலரைத் தொட்டு, கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் மெல்ல ஒற்றி எடுப்பாள். ஊரில் பாதிப் பெண்களுக்குக் கல்யாணக்களை வந்தது அவள் கையால்தான். செத்துப்போன பெரியவர்களுக்கும் பஞ்சமில்லாமல் சரிகைத் தலைப்பாகை போட்டுவிடுவாள். இப்படி வீட்டுக்கு வீடு அவள் கைவேலை தொங்கியது. ஆனால் அது தொங்கிய சுவர்களில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. கீழத்தெருக்காரி எந்த வீட்டுக் கூடத்துக்குள் போய்ப் பார்ப்பது? கொல்லைப்பக்கம் வரைக்கும்தான் வழி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் இதுதான் நிலைமை. மேடைகளில் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள், அது உண்மை. நம் ஊரில் மேடைக்கும் வாசற்படிக்கும் எப்போதுமே கொஞ்சம் தூரம் அதிகம்.

அம்சத்துக்கு அப்போது இருபத்தாறு வயது. சர்க்கார் நடத்தும் டிராயிங் பரீட்சையில் லோயர் கிரேடு தேறியவள். ஹையர் எழுதியிருந்தால் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை ஆகியிருப்பாள். எழுத வேண்டிய வருஷம் பார்த்து அறுப்புக் கூலி கூட்டிக் கேட்டுக் கீழத்தெரு முழுக்க வயலில் இறங்காமல் நின்றது. அடிதடியாகி, அவள் அப்பா இளையபெருமாளை நாற்பது நாள் உள்ளே வைத்தார்கள். தஞ்சாவூருக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டிய நாளில் அம்சம் கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

செம்பியன்கட்டளை உயர்நிலைப்பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஓய்வுபெற்று மூன்று வருஷமாகியும் புது ஆள் வரவில்லை. தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் எழுதாத மனு இல்லை. கடைசியில் மனிதருக்கு அலுத்துப்போய், "நாமே சாயங்கால ஓவிய வகுப்பு ஒண்ணு ஆரம்பிச்சுடுவோம்" என்று முடிவு கட்டினார். வகுப்பெடுக்க அம்சம் இருந்தாள். அறைக்கும் பலகைக்கும் கலருக்கும் பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணத்துக்கும்தான் வழி வேண்டும். சுற்றுவட்டாரக் கலைஞர்களிடம் ஆளுக்கொரு பொருள் தானமாக வாங்கி ஏலம் விடலாம் என்ற யோசனையைச் சொன்னவளும் அம்சமே. சொன்னதோடு விடவில்லை. பஸ் ஏறி ஏறி இறங்கி, சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியிடம் குத்துவிளக்கும், தாராசுரத்தில் ஒரு நெசவாளியிடம் கோயில் தேர் நெய்த பட்டுத்துணியும், தஞ்சாவூரில் தலையாட்டும் செட்டியார் பொம்மை ஜோடியும் கேட்டு வாங்கிவந்தாள். முகம் தெரியாத இவளிடம் எல்லோரும் மறு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். நம் கலைஞர்களின் கை அப்படி.

அவள் பங்குக்கு ஒரு படம் வரைந்தாள். நடவு வயலில் ஒரு பொம்பளை, பிடித்த நாற்று ஒரு கையில் இருக்க, மறு கையை இடுப்பில் ஊன்றி நிமிர்ந்து நிற்கிறாள். முட்டி வரைக்கும் சேறு. முகத்தில் களைப்பு இருக்கிறது, ஆனால் யாருக்கும் பயந்த முகமில்லை. அது வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற காத்தாயிதான். காத்தாயி நடவு நாளில் வயலிலும் மற்ற நாளில் மிராசுதார் துரைராசு வீட்டு மாட்டுக்கொட்டகையிலும் வேலை பார்த்தவள். படத்தைப் பார்த்துவிட்டு, "என்னை எதுக்குடி எழுதுற? ஒரு சாமியை எழுதினா யாராச்சும் வாங்குவாங்கள்ல" என்றாள். அம்சம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். தலைமை துரைராசு. நூறு வேலி நிலத்துக்குக் குறையாத குடும்பம். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் நிலத்தைச் சொந்தபந்தம் பேருக்கெல்லாம் மாற்றி எழுதிவிட்டு, ஆளுங்கட்சித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டவர். கலை மனிதரைச் சமமாக்குகிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார், சும்மா சொல்லக்கூடாது.

ஏலம் கூறியவர் சிங்காரவேலு. வருஷா வருஷம் குளத்து மீன் ஏலம் கூறுகிற தொண்டை. குத்துவிளக்கு போயிற்று, தேர்ப்பட்டு போயிற்று, பொம்மை ஜோடிக்கு இரண்டு டாக்டர்கள் மல்லுக்கட்டினார்கள். வாங்கினவர்கள் துண்டில் சுற்றிப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார்கள். கடைசியாக அம்சத்தின் படம் மேடைக்கு வந்தது.

கூத்தாநல்லூர் வியாபாரி அஹமது கபீர் நூறு ரூபாய்க்கு எடுத்தார். எடுத்தவர் எழுந்து நின்று அம்சத்தைப் பார்த்து, "நம்ம வீட்டுல ஆள் படம் மாட்டுறதில்ல தங்கச்சி, தப்பா நினைக்காத. பணம் வகுப்புக்கு இருக்கட்டும். படத்தை இன்னொரு தடவை கூறச் சொல்லு" என்றார். காரணத்தை முகத்துக்கு நேரே சொன்ன மனிதரிடம் என்ன வருத்தம்? அம்சம் சிரித்துக் கும்பிட்டாள். ஸ்டூடியோக்காரர் ஜெக்கரியாவுக்கு ஒரே குஷி. "எங்க சர்ச்சுல அறுப்புப் பண்டிகை ஏலம் இப்படித்தான் நடக்கும். வாங்கினவங்க திருப்பிக் குடுப்பாங்க, ஒரே பூசணிக்கா பத்துத் தரம் விலை போகும்!" என்று மைக்கில் சொல்லிவைத்தார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அடுத்து ரைஸ்மில்காரர் நூற்றிருபதுக்கு எடுத்தார். "நானும் ஏலத்துக்கே விட்டுடுறேன்." கைத்தட்டல். பிறகு உரக்கடைக்காரர். அவரும் விட்டுவிட்டார். இன்னும் பலத்த கைத்தட்டல். நாலாவதாக எடுத்த வக்கீல், படத்தைத் தொடக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டார்.

உரக்கடைக்காரர் திருப்பிக் கொடுத்தபோதே அம்சம் கை தட்டுவதை நிறுத்தியிருந்தாள். குத்துவிளக்கை யாரும் திருப்பவில்லை. பொம்மையை யாரும் திருப்பவில்லை. பெண்கள் வரிசையில் யாரோ பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது அவள் காதில் தெளிவாக விழுந்தது: "அது காத்தாயிடி, நம்ம தெருவுல சாணி அள்ளுறவ. அவளைக் கொண்டுபோய் எப்படிக் கூடத்துல மாட்டுறது?"

அம்சத்துக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. நேரே மேடையேறி, சிங்காரவேலு கையிலிருந்த மைக்கைப் பிடித்தாள்.

"இந்தப் படத்தை இனிமே திருப்பிக் குடுக்க முடியாதுங்க. வாங்குறவங்க எடுத்துட்டுப் போகணும். நாளைக்குக் காலையில நானே அவங்க வீட்டுக்கு வந்து, கூடத்துல ஆணி அடிச்சு மாட்டித் தருவேன். சம்மதம்னா கேளுங்க."

குஞ்சிதபாதம் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஏம்மா, எல்லாத்தையும்விட உன் படந்தான் அதிகமா வசூல் பண்ணியிருக்கு. இப்பப் போய் இவங்க மனசை முறிச்சா, குடுத்ததையும் திருப்பிக் கேட்டாங்கன்னா? இதுல என்ன குறை உனக்கு?"

"குறை ஒண்ணுதான் சார். நாலு பேர் விலை குடுத்தாங்க, ஒருத்தரும் எங்கம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலை."

அவர் ஒதுங்கி வழிவிட்டார். நல்ல மனிதர், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

சிங்காரவேலு நூறில் ஆரம்பித்தார். யாரும் வாய் திறக்கவில்லை. எழுபத்தைந்து. ஐம்பது. கீழத்தெரு ஆட்கள் பந்தலுக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் வாங்கலாம்தான், மண்சுவரில் எங்கே ஆணி அடிப்பது? கொஞ்சம் கொஞ்சமாக எல்லோர் கண்ணும் மேடைக்கு, சமத்துவத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவர் பக்கம் திரும்பியது. துரைராசு தொண்டையைச் செருமிக்கொண்டார். சிரித்தார்.

"அம்பத்தோரு ரூபா. நான் எடுத்துக்குறேன்."

மூன்று தரம் கூறி முடித்தாயிற்று. வருகிறேன் என்று சொன்னவள் வர மாட்டாள் என்பதுதான் அவர் கணக்கு. அந்த வீட்டு முன்வாசலில் கீழத்தெருவிலிருந்து அதுவரை யார் ஏறியிருக்கிறார்கள்?

வீட்டுக்குப் போனதும் காத்தாயி பிடித்துக்கொண்டாள். "எனக்கு அந்தக் கொட்டகை வேலை போயிடும்டி. ஆண்டையைப் பகைச்சுக்கிட்டு எங்க போறது? அப்பனை உள்ள வச்சது போதாதா?"

"பயமா இருக்கா?"

"இல்லாம?"

"எனக்கும்தான் இருக்கு. ஆனா போவேன்மா."

பிற்காலத்தில் அம்சம் ஹையர் பரீட்சை தேறினாள். அதே பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆகி, முப்பது வருஷம் வேலை பார்த்தாள். அவள் வகுப்பில் கற்றவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வரைகிறார்கள். ஆனாலும் ஊரில் அவள் பேச்சை எடுத்தால், எவரும் இதையெல்லாம் சொல்வதில்லை. மறுநாள் காலை நடந்ததைத்தான் சொல்வார்கள்.

மறுநாள் அம்மாவும் மகளும் சேர்ந்துதான் கிளம்பினார்கள். துரைராசு வீடிருந்த பெரிய தெரு முனையில் காத்தாயி வழக்கம்போலச் சந்து வழியாகக் கொல்லைக்குத் திரும்பினாள். அம்சம் படத்தைக் கக்கத்தில் இடுக்கி, பையில் சுத்தியலோடு நேரே நடந்தாள். துரைராசு முன்கட்டு ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்றவளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நெசமாவே வந்துட்டியா? சரி, படத்தை அங்கேயே வச்சிட்டுப் போ. நான் ஆள் வச்சு மாட்டிக்குறேன்."

"இல்லைங்க சார். மாட்டுறது நான்னு சொல்லித்தான் வித்தேன்."

சார்! அவள் தெருவிலிருந்து இதுவரை யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. பேப்பரைத் தாழ்த்தினார்.

"வேணாம்னா என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். இந்தாங்க உங்க அம்பத்தோரு ரூபா." சம்பளத்தில் முன்பணமாக ஜெக்கரியாவிடம் கேட்டு வாங்கியிருந்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை அதே பந்தல்ல மறுபடி ஏலம் போடுறோம். ஏன் திரும்பி வந்துச்சுன்னு சிங்காரவேலு அண்ணன் மைக்குல சொல்லிடுவாரு."

துரைராசுவுக்குக் காதெல்லாம் சிவந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவி தர்மாம்பாள் வந்தாள். அந்த அம்மாளுக்கும் இது ஒன்றும் மனசுக்குப் பிடித்த காரியமில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிவதைப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான்.

"நாலு பேர் பாக்க வாசல்ல வச்சு என்ன வழக்கு? ஆணிதானே, அடிச்சிட்டுப் போகட்டும். வா, உள்ள வா."

அம்சம் படியேறினாள். துரைராசு வாசலை ஒட்டிய ரேழி இருட்டைக் காட்டி, "அங்க மாட்டு" என்றார்.

"கூடம்னு சொல்லியிருந்தேங்க."

கூடத்தில் வெளிச்சம் நிறைய இருந்தது. சுவர் முழுக்கப் பெரியவர்கள். துரைராசுவின் அப்பா தலைப்பாகையோடு முறைத்துக்கொண்டிருந்தார். சரிகைக்குத் தான் பூசிய மஞ்சள் கொஞ்சம் தூக்கல் என்று அம்சத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் இடமிருந்தது. ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போட்டு ஏறினாள். பழைய சுண்ணாம்புச் சுவர். முதல் ஆணி வளைந்து, காரை உதிர்ந்து தரையில் கொட்டியது. தர்மாம்பாள் உச்சுக்கொட்டினாள். அம்சம் ஒரு சாண் தள்ளி இன்னொரு ஆணியை வைத்து ஓங்கி அடித்தாள். நாலாவது அடியில் பிடித்துக்கொண்டது. படத்தை மாட்டினாள்.

டெல்டா வீடுகளில் முன்வாசலிலிருந்து பார்த்தால் கொல்லைக்கதவு தெரியும். சுத்தியல் சத்தம் கேட்டு, சாணிக்கூடையோடு காத்தாயி அந்தக் கதவுக்கு வெளியே வந்து நின்றிருந்தாள். அந்த வீட்டில் மாட்டை அதட்டுவதற்குத் தவிர அவள் குரல் உயர்ந்ததில்லை. கூடத்துச் சுவரில் தன்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏ அம்சம்," என்றாள். குரல் வீடு முழுக்கக் கேட்டது. "சாஞ்சிருக்குடி. இடப்பக்கம் தூக்கு."

அம்சம் தூக்கினாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"அங்கேருந்து பாத்தா சரியாத் தெரியாதும்மா. உள்ள வந்து, கிட்டக்க நின்னு பாத்துச் சொல்லு."

துரைராசு பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார். தர்மாம்பாள் உதிர்ந்து கிடந்த காரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று இருவரும் சொல்லவில்லை.

காத்தாயி கூடையைக் கீழே வைத்தாள். தொட்டியில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினாள், காலைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். பிறகு நிலையைத் தாண்டிக் காலை வைத்து, அடுக்களையைக் கடந்து, இரண்டாங்கட்டைக் கடந்து, அவசரமில்லாமல் நடந்து வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"வலப்பக்கம் ஒரு நூல் எறக்கு. ம். இப்ப சரியா இருக்கு."