மூன்று மணிச் சாவியும் டெக்சாஸ் துப்பாக்கியும்

எங்கள் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று முதலில் சொன்னவர் என் மனைவியின் அண்ணன். அவர் இருப்பது டெக்சாஸில். நாங்கள் இருப்பது ஷார்ஜா ரோலாவில், நான்காவது மாடியில், ஒரு பெட்ரூம், ஒரு ஹால், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டிய ஒரு சமையலறை. துப்பாக்கியை வைக்க இடம் இருக்கிறதா என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன ரகம் வாங்குவது என்பதில்தான் அவருக்குக் கவலை.

விஷயம் இதுதான். ஒரு வாரமாக மதியம் மூன்று மணி வாக்கில் யாரோ எங்கள் கதவில் சாவி போட்டுத் திருகிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நான் துபாய் அல் கூஸில் கம்பெனி வேர்ஹவுஸில் இருப்பேன். ஏழாவது படிக்கும் மகள் ஸ்கூல் பஸ்ஸில் இருப்பாள். வீட்டில் மனைவி மட்டும். கதவில் வெளியே பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி ஓட்டை உண்டு. போன வருஷம் கதவுக்குப் பெயின்ட் அடித்த மகராசன் அதற்கும் சேர்த்து அடித்துவிட்டான். அதனால் அவளுக்குக் கேட்க மட்டும்தான் முடியும். சாவி நுழையும், திரும்பாது. கைப்பிடி கீழே போகும், மேலே வரும். ஏதோ முனகல் கேட்கும். பிறகு செருப்புச் சத்தம் தேய்ந்து போய்விடும்.

முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் வேர்ஹவுஸிலிருந்து போன் செய்தபோது குசுகுசுவென்று பேசினாள்.

“ஏன் இவ்வளவு மெதுவா பேசறே?”

“பாத்ரூம்ல இருக்கேன். மணி மூணாகப் போகுதுங்க.”

பல்லி, கரப்பான், வாடகை ஏஜென்ட் எதற்கும் அஞ்சாதவள் அவள். பகல் வெளிச்சத்தில், சொந்த வீட்டில், பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நானோ பத்து நாளில் சவுதியில் இருக்கும் அல் கோபாருக்குப் புறப்பட வேண்டும். அங்கே புது வேர்ஹவுஸில் ரேக் நிறுத்தும் வேலை, மூன்று வாரம். அந்த வேலைக்காக மேனேஜரிடம் ஒரு வருஷம் நச்சரித்திருந்தேன். ஒழுங்காக முடித்தால் இன்சார்ஜ் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்.

“நீங்க தாராளமா போங்க,” என்றாள் மனைவி. “எனக்கும் பாப்பாவுக்கும் திருச்சிக்கு டிக்கெட் போட்டுட்டுப் போங்க. இந்த வீட்ல தனியா இருக்க என்னால முடியாது.” மகளுக்கு அந்த மாதம் பரீட்சை. ஆக, ஒன்று அவள் பரீட்சை, இல்லை என் கோபார்.

கட்டடத்து நாத்தூரிடம் போனேன். இங்கே வாட்ச்மேனுக்கு அதுதான் பெயர். பெஷாவர் பக்கத்து ஆள், கவலையே படாதவர். “கேமரா மாஃபி, பாய். லிஃப்ட் மே நம்பர் பி மாஃபி. சப் கராப்,” என்றார். கேமரா இல்லை, லிஃப்டில் நம்பரும் இல்லை, எல்லாம் ரிப்பேர் என்று அர்த்தம். லிஃப்டுக்குள் எந்த மாடி என்று காட்டும் விளக்கு செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. “நான் லிஃப்டைப் பற்றியா கேட்டேன்?” என்று கத்தினேன். அவர் நிதானமாக என் திருடனையும் லிஃப்டையும் ஒரே நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார்.

போலீஸுக்குச் சொல்லலாம். இங்கே கூப்பிட்ட அடுத்த நிமிடம் வந்து நிற்பார்கள். ஆனால் என்னவென்று சொல்வது? ஒருவர் வருகிறார், சாவி போடுகிறார், திறக்கவில்லை, போய்விடுகிறார் என்றா? எனக்கே கூச்சமாக இருந்தது. இந்த நேரத்தில்தான் மனைவி அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

மச்சானுக்கு வாய் ஓயாது. மெசேஜ் ஆப்பில் இங்கே கால் பேசத் தடை என்பதால் அவர் வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளுவார். அன்று மட்டும் பதினோரு மெசேஜ், இரண்டு வீடியோ. வீடியோவில் அரைக்கால் டவுசருடன் ஒரு பெரிய துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாப்ள, இதுதான் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன். வீட்டுப் பாதுகாப்புக்கு இத மிஞ்ச ஆள் இல்ல. குறி பாக்க வேணாம், பரவி அடிக்கும். நீங்க கண்ண மூடிக்கிட்டு அடிச்சாலும் படும். இதுல மெயின் என்னன்னா சத்தம். இந்தக் கட்டையப் பின்னால இழுத்து முன்னால தள்ளுனா, சரக்... சடக்! அவ்வளவுதான், திருடன் துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடிருவான். சுடவே வேணாம்.”

இதைக் கேட்டதும் என் மகள், “மாமா, ஹலோ, இட்ஸ் சோ இல்லீகல் ஹியர்,” என்று போனைப் பார்த்துச் சொன்னாள். வெளிநாட்டுக்காரன் வீட்டில் துப்பாக்கி பிடிபட்டால் முதலில் ஜெயில், பிறகு விமானம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கிடைக்கவே கிடைக்காத அந்தத் துப்பாக்கியை வாங்கலாமா வேண்டாமா என்று நானும் மனைவியும் ஒரு மணி நேரம் விவாதித்தோம். பயந்த மனம் என்னென்ன செய்யும் என்று அன்றுதான் பார்த்தேன்.

பரவி அடிக்கும் என்றாரே, அதை எடுத்துக்கொள்வோம். எங்கள் சோபாவிலிருந்து வாசல் நான்கு எட்டு. அந்த நான்கு எட்டுக்குள் செருப்பு அலமாரி, தண்ணீர் கேன், அயர்ன் பலகை, மகளின் சைக்கிள். பரவி அடித்தால் திருடனைத் தவிர எல்லாவற்றின் மேலும் படும். பக்கத்துச் சுவர் இருக்கிறதே, அது சுவர் என்று பெயருக்குத்தான். அந்தப் பக்கத்து மலையாளிச் சேச்சி மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். குண்டு அவள் குக்கரில் போய் நின்றால் யார் பதில் சொல்வது?

“எங்க வைக்கிறது?” என்றாள் மனைவி.

“பீரோ மேல, சூட்கேஸுக்கு நடுவுல.”

“திருடன் வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, சூட்கேஸ இறக்கி, அப்புறம் சுடுவீங்களா? அது வரைக்கும் அவனுக்கு டீ போட்டுக் குடுக்கணுமா நான்?”

நீளத்தையும் சோதித்துப் பார்த்தேன். வீட்டில் ஏறக்குறைய அந்த அளவுக்கு இருந்தது மாப் கட்டைதான். அதைத் தோளில் சாத்தி, சோபாவிலிருந்து எழுந்து, வாசலைப் பார்த்து ஒரே வீச்சில் திரும்பினேன். முன்முனை சாமி அலமாரி மணியைத் தட்டியது, பின்முனை டிவியில் இடித்தது. மகள் இதை வீடியோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பிவிட்டாள். “மொதல்ல டிவிய நகத்துங்க, அப்புறம் நாட்டக் காப்பாத்தலாம்,” என்றாள் மனைவி. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். அதற்காக நான் இன்னொரு தடவை கூடத் திரும்பிக் காட்டியிருப்பேன்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். “அண்ணன்தான் சத்தம் போதும்னு சொல்லுதே. துப்பாக்கி எதுக்கு? சத்தத்த மட்டும் வச்சுக்குவோம்.”

எனக்கு அது மகா மூளையாகப் பட்டது. மறுநாள் வேர்ஹவுஸில் போர்மேனும் நானும் சேர்ந்து துப்பாக்கிச் சத்தம் தேடினோம். பெரிய ஸ்டேப்ளர், டேப் ஒட்டும் கருவி, ஷட்டர் தாழ்ப்பாள் எல்லாம் பார்த்தாயிற்று. இரும்பு பைல் கேபினட்டின் இழுப்பறை கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. அதைப் பதிவு செய்து டெக்சாஸுக்கு அனுப்பினேன். “இல்ல மாப்ள, ரெண்டாவது சத்தம் இன்னும் கனமா விழணும். இது ஏதோ ஆபீஸ்ல பியூன் கோபப்பட்ட மாதிரி இருக்கு,” என்று பதில் வந்தது. பிறகு அவரே தன் துப்பாக்கியை இழுத்துத் தள்ளிப் பதிவு செய்து அனுப்பினார். சரக்... சடக்! காலி ஹாலில் அதைக் கேட்டதும் எனக்கே முதுகு சில்லிட்டது.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். செருப்பு அலமாரி மேல் மகளின் புளூடூத் ஸ்பீக்கரை வைத்தோம். மனைவி என் போனோடு சோபாவில். நான் மாப் கட்டையோடு கதவுக்குப் பக்கத்தில். வாட்ச்மேனுக்குச் சொல்லவில்லை. எழுதிக்கொள்வதைத் தவிர அவர் என்ன செய்யப் போகிறார்?

மூன்றுக்கு ஐந்து நிமிடம். லிஃப்ட் கதவு திறக்கும் ஓசை. செருப்புச் சத்தம். சாவி நுழைந்தது. நான் கையைக் காட்டினேன், மனைவி போனை அழுத்தினாள். முதலில் ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு பெண், “புளூடூத் கனெக்டெட்!” என்று கணீரென்று அறிவித்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்து கட்டடமே அதிர, சரக்... சடக்!

வெளியே ஏதோ தொப்பென்று விழுந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. ஆனால் ஒரு மெசேஜ் முடிந்தால் அடுத்தது தானாக ஓடும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. மச்சானின் குரல் இடி மாதிரி முழங்கியது. “கேட்டுச்சா மாப்ள? நெஞ்சுக்கு நேரா புடிச்சிருங்க, தவறவே தவறாது! அப்புறம், அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு? அந்தத் தைலம் வந்து சேந்துச்சா?”

மனைவி பதறிப் போனை அணைத்தாள். பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், நல்ல தமிழில், அழுதுகொண்டே வந்தது.

“அண்ணே, சுட்றாதீங்கண்ணே. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கண்ணே.”

கதவைத் திறந்தேன். சூப்பர்மார்க்கெட் யூனிபார்மில் ஒரு மனிதர் மண்டியிட்டிருந்தார். இரண்டு கையும் தலைக்கு மேலே. ஒரு விரலில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குபூஸ் ரொட்டிப் பாக்கெட் கிழிந்து கிடந்தது. தக்காளி லிஃப்ட் வரைக்கும் உருண்டிருந்தது. என் கையில் இருந்த மாப் கட்டையைப் பார்த்து இன்னும் குனிந்தார். நான் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

பாவம், அவர் ஐந்தாவது மாடி. எங்கள் வீட்டுக்கு நேர் மேலே எட்டுப் பேர் தங்கும் ரூமில் புதிதாக பெட்ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் மட்டும், வாடகைக்கு எடுத்தவர். பெரம்பலூர் பக்கம் ஊர். விடியற்காலை நாலு மணிக்கு டியூட்டி, மூன்று மணிக்குத் திரும்பும்போது கண் பாதி மூடியிருக்கும். சரியாக அதே நேரம் சேச்சி குழந்தைகளைப் பஸ்ஸிலிருந்து கூட்டிவர நான்காவது மாடியில் லிஃப்டை அழுத்துவாள். லிஃப்ட் நிற்கும். விளக்கு இல்லை, எந்த மாடி என்று தெரியாது. இவர் இறங்கிவிடுவார். எல்லா மாடியும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே பழுப்பு. சாவி திரும்பவில்லை என்றதும்தான் தூக்கம் தெளியும், படியேறிப் போவார். சேச்சியோ அவரை எங்கள் சொந்தக்காரர் என்று நினைத்து, தினமும் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மனைவி தக்காளி பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே அழுதாள். பிறகு என்னைத் திட்டினாள். யோசனை அவளுடையது, துப்பாக்கி அவள் அண்ணனுடையது, திட்டு மட்டும் எனக்கு. வாங்கிக்கொண்டேன். நிஜத் துப்பாக்கி இருந்திருந்தால், நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியிருப்பேன். மச்சான் சொன்ன மாதிரியே பட்டிருக்கும். அதை நினைத்தபோது, அவரை உள்ளே உட்காரவைத்துக் கொடுக்கப் போன டீயை சாஸரில் சிந்தினேன். அந்த மனிதர்தான், “விடுங்கண்ணே, தப்பு எம்மேலதான,” என்று என்னைத் தேற்றினார்.

“நீங்க கோபாருக்குப் போயிட்டு வாங்க,” என்றாள் மனைவி அன்று மாலை. “நாங்க இருந்துக்குவோம்.”

போனேன். மூன்று வாரம் ரேக் நிறுத்தினேன். ஒரு திங்கள்கிழமை மதியம் கோபாருக்குப் பக்கத்திலுள்ள தமாமிலிருந்து விமானத்தில் வந்திறங்கி, கையில் பேரீச்சம்பழப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். லிஃப்டில் விளக்கு இன்னும் எரியவில்லை. லாண்டரிக்காரனின் துணிமூட்டைக்குப் பின்னால் நின்று, வந்துவிட்டேன் என்று மனைவிக்கு மெசேஜ் தட்டிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் நின்றது, கிளம்பியது, மறுபடி நின்றது. இறங்கினேன். சாவியைப் போட்டேன். திரும்பவில்லை. கைப்பிடியை அழுத்தி ஆட்டினேன்.

உள்ளேயிருந்து கேட்டது, சரக்... சடக்!

பேரீச்சம்பழம் கீழே விழுந்தது. என் இரண்டு கையும் தானாக மேலே போயின. மண்டியிட்டேன். மகளின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. “சுடாதீங்க, எனக்கு ஒரு பொண்ணு இருக்கா,” என்று யாரோ சொன்னார்கள். அது நான்தான்.

உள்ளே எட்டுப் பேர் சிரிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. கதவு திறந்தது. அதே மனிதர், லுங்கியில். வழி தவறி வருகிறவர்களை விரட்ட வாயாலேயே அந்தச் சத்தம் போட ரூமில் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்திருந்தாராம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. என் கையை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். உருண்ட பழங்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டார். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி ஒரு மாடி படியிறங்கி, எங்கள் வீட்டு மணியை அடித்தார்.

“அக்கா, நான் மேல் வீட்டுத் தம்பி,” என்று கதவைப் பார்த்துச் சொன்னார். “பயப்படாம தொறங்க. அண்ணன் வந்திருக்காங்க.”