நிரபராதி சென்சாரும் கௌசர் அக்காவின் பல்பும்

கழுத்திலிருக்கும் கருகமணியில் சிக்காமல் பல்பைக் கழற்றி எடுத்து, எந்த வண்டியானாலும் முதலில் அதன் பேட்டரியில் வைத்து எரியவிட்டுப் பார்ப்பார் கௌசர். சாட்சி சொல்ல வருகிறவருக்குக் கண் தெரிகிறதா என்று சோதிக்காமல் கூண்டில் ஏற்றக் கூடாது என்பது அவருடைய சட்டம். பல்பு, செத்துப்போன ஸ்கூட்டர் ஒன்றின் இண்டிகேட்டரிலிருந்து வந்தது. இரண்டு முழ வயர். ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் கோணி ஊசி. காலை ஒன்பது மணிக்கு டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைப் போலக் கழுத்தில் ஏறினால், வேலைக்கும் தொழுகைக்கும் மட்டுமே இறங்கும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், கண்டெய்னர் லாரிகள் நின்று நின்று நகரும் இடத்தில், ஒரே ஒரு கார் மட்டும் நுழையும் அகலத்தில் அவருடைய ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை. வயது நாற்பத்தெட்டு. "சென்சாரு பூட்ச்சிக்கா" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர்களுக்கு அவர் ஸ்டூல் போடுவதில்லை.

காரணம் உண்டு. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் இந்தப் பக்கத்தில் முதலில் கைதாவது ஆக்சிஜன் சென்சார்தான். புகைக்குழாயில் உட்கார்ந்து புகையை முகர்ந்து, பெட்ரோல் கூடவா குறைவா என்று என்ஜின் கம்ப்யூட்டருக்குக் கோள் சொல்வது அதன் உத்தியோகம். விசாரணை இல்லை, ஜாமீன் இல்லை. கழற்றி எறி, புதிது மாட்டு. இந்த அநீதியை எதிர்த்துப் பதினைந்து வருடமாகத் தன்னந்தனியாக வாதாடி வருகிறார் கௌசர்.

போன வியாழக்கிழமை உச்சி வெயிலில் டில்லிபாபு தன் கால் டாக்சியோடு வந்து நின்றான். எர்ணாவூரில் ஏசியும் சோபாவும் போட்டு ஒர்க்‌ஷாப் நடத்தும் சாவியோ என்பவர் இரண்டு முறை சென்சாரை மாற்றிவிட்டு, இனி கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று கைவிரித்திருந்தார். மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. பரிசோதனை. மஞ்சள் விளக்கோடு போய் நிற்க டில்லிபாபுவுக்குத் தைரியமில்லை. வண்டியை விற்றுவிடுவதென்று முடிவு செய்து, புரோக்கர் பீம்ராவை மூன்று மணிக்கு இங்கேயே வரச் சொல்லியிருந்தான்.

"பேஜாரா கீதுக்கா. வண்டிய குட்த்துட்டு மறுபடி லாரிக்கே பூட்றேன்."

"மணி இன்னா இப்போ?"

"பன்னெண்டு."

"மூணு மணி நேரம் கீதுல்ல. அதுக்குள்ள இன்னாத்துக்கு ஒப்பாரி? மொதல்ல கழட்டுன சென்சாரு எங்க?"

செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான். கௌசர் அதன் கரியை முந்தானையால் துடைத்தார். "நீ ஒண்ணும் கவலப்படாத" என்றார். அது டில்லிபாபுவுக்குச் சொன்ன ஆறுதல் அல்ல.

டீ குடிக்காத குமாஸ்தாவைப் போல, சூடு ஏறாமல் சென்சார் வேலை தொடங்காது. அதற்காக அதன் உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டருக்கு மின்சாரம் வரும் பாதையில்தான் கோளாறு என்றது ஸ்கேனர். சாவியோ வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்து, பன்னிரண்டு வோல்ட் ஒழுங்காக வருகிறது என்று எழுதியே கொடுத்திருந்தார். கௌசரும் மீட்டர் வைத்தார். பன்னிரண்டுதான். பிறகு அதே இடத்தில் பல்பை மாட்டினார். பளீரென்று எரிய வேண்டியது, ஜுரம் வந்த மின்மினியைப் போல முனகியது.

"பாத்தியா நைனா. மீட்டரு வாசல்லயே நின்னு எட்டிப் பாத்துட்டு, எல்லாம் சரியா கீதுன்னு பூடும். பல்புதான் வூட்டுக்குள்ள பூந்து சோறு கேக்கும். வயருல கரண்டு நிக்குது, நடக்க மாட்டேங்குது."

ஃபியூஸ் பெட்டியில் வைத்தபோது பல்பு பளீரென்றே எரிந்தது. ஆகக் குற்றம் நடந்த இடம், பெட்டிக்கும் சென்சாருக்கும் நடுவே. வயர் அங்கே தரைவிரிப்புக்கு அடியில் ஓடியது. விரிப்பைத் தூக்கும் முன் கௌசர் காருக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். கண்ணாடியில் எலுமிச்சை வாசனை அட்டை தொங்கியது. ஒன்றல்ல, ஐந்து.

"வண்டில மீனு ஏத்துனியா?"

"அய்ய, பாசஞ்சர் மட்டுந்தான்கா."

"பாசஞ்சர் பேரு சங்கராவா, வஞ்சிரமா?"

டில்லிபாபு தன் செருப்பைப் பார்த்தான். பிறகு ஒப்புக்கொண்டான். அவன் மனைவி கன்னியம்மா எம்.கே.பி. நகரில் மீன் விற்கிறாள். தினமும் விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து இரண்டு கூடை, ஐஸ் போட்டு, பின்சீட்டின் காலடியில் வரும். வாசனை அட்டைகளைத் தொங்கவிட்ட பிறகே மனிதர்கள் ஏறுவார்கள். சாவியோவிடம் அவன் இதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சோபாவில் உட்கார்ந்துகொண்டு மீன் நாற்றத்தைப் பற்றிப் பேசுவது மரியாதையல்ல என்று இருவருமே நினைத்திருக்கலாம்.

விரிப்பு எழுந்தது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வயர் சேரும் சாக்கெட்டுக்குள் குடியேறி மாதக்கணக்காகியிருந்தது. செம்பு பச்சைப் பாசியாகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஒரே ஒரு இழை மட்டும் கட்சி மாறாமல் நின்றது. சாவியோவின் மீட்டரிடம் பன்னிரண்டு என்று ஒப்பித்தது அந்த இழைதான்.

கௌசர் அழுகிய பகுதியை நறுக்கினார். புது வயர் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டு, தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டினார். பல்பு கண் கூசும்படி எரிந்தது. அதோடு விடவில்லை. சாவியோ மாட்டிய புதுச் சென்சாரைக் கழற்றிவிட்டு, முதல் நாளே கைதான பழையதை அதே இடத்தில் திரும்ப ஏற்றினார். விடுதலை மட்டும் போதாது, வேலையும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஸ்கேனரில் விளக்கை அணைத்துவிட்டு எண்ணூர் வரை போய் வந்தார்கள். மஞ்சள் விளக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டில்லிபாபு வழியெல்லாம் சாலையைப் பார்க்காமல் டேஷ்போர்டையே பார்த்து ஓட்டியதில் இரண்டு கண்டெய்னர் லாரிகள் அவன் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போயின.

கடை வாசலில் பீம்ராவ் காத்திருந்தார். மணி சரியாக மூன்று.

"சாவி குடு மாமு" என்று கையை நீட்டினார்.

சாவியைப் பொத்திக்கொண்டு பேண்ட் பாக்கெட்டுக்குள் போன டில்லிபாபுவின் கை வெளியே வரவில்லை. நீட்டிய கை வெறுமையாகத் திரும்பக் கூடாதென்று, கௌசர், நறுக்கி எடுத்த அந்த நாலு அங்குலப் பச்சை வயரை அதில் வைத்துவிட்டு, பல்பை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.