எங்கள் வரிசையே இலை மோந்த காலம்

எங்கள் அத்தா காலையில் எழுந்ததும் இலை மோக்க ஆரம்பித்த வருஷம் நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தீவில், கராச்சர்மா என்ற ஊரில் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக இருந்த வீடுகளில் எங்களுடையது கடைசி. பக்கத்தில் ஒரு சாக்கடை, சாக்கடை ஓரத்தில் புல், புல்லுக்கு நடுவே யாரும் சீண்டாத செடிகள். அத்தா பல்கூடத் துலக்காமல் அங்கே போய்க் குத்தவைத்து உட்காருவார். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி, கண்ணை மூடி, மூக்கிலேயே வைத்துக்கொண்டிருப்பார். அப்புறம் எலுமிச்சை இலை. அப்புறம் எலுமிச்சைப்புல். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பு. எல்லாம் முடிந்த பிறகும் எழுந்து வராமல், யாரோ கூப்பிடப்போவதாகக் காத்திருக்கிறவர் போல அங்கேயே இருப்பார்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிய வருவதற்குப் பல வருஷம் ஆயிற்று என்பதற்காகப் படிக்கிறவர்களையும் அத்தனை வருஷம் காக்க வைப்பது நியாயமில்லை. அந்த மழைக்காலத்தில் அத்தாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது சும்மா போகாமல் அவருடைய வாசனை உணர்வையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம், நாலு வாசனையை எடுத்துக் காலையும் மாலையும் விடாமல் மோந்து பழகுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் பெரிய விஷயமில்லை. ஆபீசில் ஃபைல் பார்க்கிறவருக்கு மூக்கு எதற்கு? அத்தா பண்டாரி, விருந்துச் சமையல்காரர். எங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது என்று தீவில் எங்கே பிரியாணி தேக்சா அடுப்பில் ஏறினாலும் பக்கத்தில் அவர் நிற்பார். அதிலும் அவருக்கென்று ஒரு பெருமை இருந்தது. ருசியே பார்க்க மாட்டார். நோன்பு மாதத்தில் வாயில் எதையும் வைக்க முடியாது, ஆகவே பண்டாரிகள் உப்பையும் காரத்தையும் மோந்தே சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் நோன்பு முடிந்ததும் கரண்டியை நக்க ஆரம்பித்துவிடுவார்கள். அத்தா மற்ற மாதங்களிலும் நக்க மாட்டார். தேக்சாவின் மேலே குனிந்து ஒரு இழுப்பு இழுத்து, "உப்பு ஒரு கை குறையுது" என்பார். போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் அடுப்படிக்கு வருவார்கள்.

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள் கரண்டியை வாயில் வைத்தால் உடன் வேலை செய்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மெயின்லேண்டாக இருந்தால் ஊர் மாறிப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். தீவில் பேர் கெட்டுப்போனால் கப்பல் ஏறிப் போவதைத் தவிர வழியில்லை. ஏறிப் போனாலும் மூக்கில்லாத பண்டாரிக்கு ராமநாதபுரத்தில் மட்டும் என்ன வேலை இருக்கப்போகிறது? ஆகவே அத்தா யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மாவிடமும்தான். காலையில் பச்சிலை வாசம் பிடித்தால் நுரையீரல் சுத்தமாகும், காய்ச்சலுக்குப் பிறகு டாக்டர் இப்படித்தான் செய்யச் சொன்னார் என்று ஒரு கதை விட்டார். அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியா, நல்லதுதானே என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அந்தக் கதைக்குக் கால் முளைத்தது. பக்கத்து வீட்டு பெங்காலி மாமா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொழுது போகாமல் எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பவர். "பாய், யே சூங்க்னே சே க்யா ஹோத்தா ஹை?" என்று ஒருநாள் வந்து கேட்டார். மோந்தால் என்ன ஆகும் என்று கேட்பவரிடம் அத்தா வேறு என்ன சொல்ல முடியும்? நுரையீரலைச் சொன்னார். மறுநாள் பெங்காலி மாமாவும் வந்து குத்தவைத்தார். அதற்கு மறுவாரம் தெலுங்கு ஆன்ட்டி வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் வரிசையில் பாதிப் பேர் விடிந்ததும் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து மெதுவாக நடந்து போவார்கள்.

அவர்கள் அதிகமாக மோந்தது பர்மா தனியாவைத்தான். விளிம்பெல்லாம் பல் பல்லாக இருக்கும் நீள இலை. கசக்கினால் கொத்துமல்லி வாசம் நாலு மடங்காக வரும். தீவில் அது பாட்டுக்கு முளைத்துக் கிடக்கும். எங்கள் வீட்டில் அதை யாரும் மதித்ததில்லை. கப்பலில் வருகிற மெயின்லேண்ட் கொத்துமல்லிதான் கொத்துமல்லி, அது வழியிலேயே பாதி அழுகி வந்தாலும் சரி. காசு கொடுத்து அழுகலை வாங்கிவிட்டு, வாசலில் முளைத்ததைக் களை என்று பிடுங்கி எறிந்துகொண்டிருந்தோம். இப்போது மோக்க ஆரம்பித்தவர்கள் ரசத்திலும் கிள்ளிப் போட்டுப் பார்த்தார்கள், சட்னி அரைத்தார்கள். செடிக்காகச் சாக்கடை ஓரத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்தினார்கள். பழைய பெயிண்ட் டப்பாக்களில் மண் நிரப்பி வாசலில் வைத்தார்கள். பெங்காலி மாமா வாயில் பீடி நாற்றத்தோடு இலையை மோந்தால் ஒன்றும் தெரியவில்லை என்று காலை பீடியை விட்டார், பிறகு சாயங்கால பீடியையும் விட்டார். அத்தாவைத் தவிர எல்லோருக்கும் அந்த வைத்தியம் நன்றாக வேலை செய்தது.

என் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அத்தா என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து மோக்கச் சொல்வார். மோந்தால் போதாது, எப்படி இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். கொத்துமல்லி வாசம் கொத்துமல்லி மாதிரி இருக்கிறது என்றேன். அதெல்லாம் செல்லாது, அது எப்படி இருக்கும், சொல்லு என்றார். எனக்கு அழுகையே வந்தது. இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடையாது. கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பச்சையாக இருக்கிறது. ஈரமான கல் மாதிரி இருக்கிறது. கொஞ்சம் மூட்டைப்பூச்சி மாதிரியும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அத்தா தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி இலையை மோந்து பார்ப்பார். என் உளறலை ஒரு பெரிய மனிதர் இவ்வளவு கவனமாகக் கேட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பாஸா, ஃபெயிலா என்று மட்டும் அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

அதோடு நிற்கவில்லை. பால் திரிந்திருக்கிறதா, எண்ணெய் காறியிருக்கிறதா, கறி இன்று வெட்டியதா என்று எல்லாவற்றையும் என் மூக்கின் முன்னால் கொண்டுவந்து நீட்டினார். இதெல்லாம் எனக்கு எதற்கு? தொழில் சொல்லிக்கொடுக்கிறாரோ என்றால், பொண்ணுங்க தேக்சா பக்கம் வரக்கூடாது என்று சொல்கிறவரும் அவரேதான்.

அம்மாவும் மாறிப்போனாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. இப்போது சமைக்கும்போது தனக்குத்தானே சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். வெங்காயம் சிவந்து வாசம் வந்தாச்சு என்பாள். இந்தப் பட்டையில் வாசமே இல்லையே, பழசு போல என்பாள். கேஸ் கசிகிற மாதிரி இருக்கே என்று எழுந்து போய்ப் பார்ப்பாள். இலை மோந்து மோந்து அம்மாவின் மூக்கு கூர்மையாகிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் நல்ல பழக்கங்களைச் சொல்லச் சொன்னபோது, பல் துலக்குவது, நகம் வெட்டுவது என்று மற்றவர்கள் சொல்ல, நான் காலையில் இலை மோப்பது என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். இரண்டு நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த இலை என்று விசாரித்தார்.

அப்போதுதான் வண்டூரில் ஒரு காண்ட்ராக்டர் வீட்டுக் கல்யாண விருந்து வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அத்தாவுக்கு அதுதான் முதல் பெரிய வேலை. அதுவரை ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருந்தார். இதையும் தட்டினால் ஆள் எழுந்திருக்கவே இல்லையோ என்று பேச்சு வந்துவிடும். அன்று காலை இலை மோந்துவிட்டு வந்தவரின் முகம் செத்துப்போயிருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். உடனே அம்மா தானும் வருவதாகச் சொன்னாள். நான் இல்லாமல் பிள்ளை இருக்காது என்றாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. பொய் சொன்னால் அடிக்கிற அம்மா என்னை வைத்தே பொய் சொன்னது எனக்குப் பெரிய அதிர்ச்சி.

கல்யாண வீட்டின் பின்னால் தென்னைகளுக்கு நடுவே அடுப்பு மூட்டியிருந்தார்கள். அத்தா தேக்சாவின் மேலே குனிந்து எப்போதும் போல ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு ஆட்கள் நகர்ந்த நேரமாகப் பார்த்து, என்னைத் தூக்கிக் காட்டி, உப்பு வாசம் தெரியுதா என்று காதில் கேட்டார். தெரியாது என்றேன். உப்பை மட்டும் அவர் எனக்கு மோக்கப் பழக்கியதே இல்லை. அத்தா சுற்றிலும் பார்த்துவிட்டு, முகம் துடைக்கிற மாதிரித் துண்டை எடுத்து, அதன் மறைவில் கரண்டியை நாக்கில் வைத்தார். ருசியே பார்க்காதவர் எதற்கு ஒளிந்துகொண்டு ருசி பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

உப்பு ஒருவழியாகச் சரியாயிற்று. ஆனால் தம் போட்ட பிறகு மூடியைத் திறக்க முடியாது. மேலே கங்கு, கீழே விறகுத் தணல், நடுவில் என்ன நடக்கிறது என்று மூக்குதான் சொல்ல வேண்டும். இப்போ என்ன வாசம், இப்போ என்ன வாசம் என்று அத்தா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிரியாணி வாசம், பிரியாணி வாசம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்துக் காண்ட்ராக்டர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மூக்காலேயே உப்பு பார்க்கிற ஆள் இவர்தான் என்று அவர்களுக்குக் காட்டினார். அதற்குமேல் அத்தா என்னை எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசம் மாறியது. பால் அடிப்பிடிக்கிற மாதிரி மெல்லிசாக ஒன்று. நான் அத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் காண்ட்ராக்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டே என் கையை எடுத்துவிட்டார். தேக்சாவுக்கு எல்லோரையும்விடப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது? தீய்கிற வாசம் வருவதுதான் சரியான பக்குவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேக்சா ஏறிய இடத்துக்குப் பெண்கள் வருகிற வழக்கமில்லை.

"என்னங்க, பிள்ளைக்குப் புகை ஒத்துக்கல. விறகை வெளிய இழுங்க," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே," என்றேன் நான்.

அம்மா என் தோளில் கிள்ளிய கிள்ளு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அத்தா ஒரு கணம் மரம் மாதிரி நின்றார். பிறகு குனிந்து வெறுங்கையாலேயே விறகை இழுத்துப் போட்டார். ஆட்களைக் கூப்பிட்டுத் தேக்சாவை இறக்கி ஈரச்சாக்கின் மேல் வைக்கச் சொன்னார். நான் கத்தி அழுதேன். ஒன்றுமே செய்யாத என்னைக் கிள்ளியது ஏன் என்று கேட்க அங்கே ஒருத்தரும் இல்லை. பிள்ளைமேல் என்ன பாசம் பாருங்கள் என்று காண்ட்ராக்டர் மட்டும் மெச்சிக்கொண்டார்.

மூடியைத் திறந்தபோது அடியில் ஒரு படலம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். மேலே இருந்தது முழுக்க நன்றாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த காண்ட்ராக்டர், உங்க மூக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கணும் பாய் என்றார். அத்தா அதற்குச் சிரிக்கவில்லை. அம்மா இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மூக்கு பிறகு சரியாயிற்றா என்று கேட்பீர்கள். அடுத்த வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, முழுதாக வரவில்லை. கிராம்பு முதலில் வந்தது. பர்மா தனியா கடைசியில்தான் வந்தது. எங்கள் பழைய வரிசையில் சில பேர் இன்னும் காலையில் மோந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நுரையீரல் விஷயம் கட்டுக்கதை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

வண்டூரிலிருந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். வழக்கமாக அத்தா ஆண்கள் பக்கம் போய்விடுவார். அன்று அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அம்மா மடியில் தூங்குவது போலப் படுத்திருந்தேன், கிள்ளியதற்கான கோபம் இன்னும் ஆறவில்லை.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்று அத்தா கேட்டார்.

"காய்ச்சல் விட்டு எந்திரிச்ச அன்னைக்கே. சந்தேகமா இருந்துச்சு, வேணும்னே கருவாடு வறுத்தேன். நீங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சீங்க."

கருவாட்டு வாசம் அத்தாவுக்கு ஆகவே ஆகாது. வறுக்கிற நாளில் செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போய்விடுவார்.

"கேட்டிருக்கலாமே புள்ள."

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அத்தா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அம்மா என் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்து அவர் கைமேல் வைத்தாள். நான் கண்ணைத் திறக்காமல் யோசித்தேன். கருவாட்டுக்காகவா இவ்வளவு பெரிய ஆள் பஸ்ஸில் உட்கார்ந்து அழுவார்? பாவம், ஆகாத கருவாட்டை அன்றைக்கு அம்மா அவருக்கும் ஒரு துண்டு தின்னக் கொடுத்திருப்பாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.