பட்டறையைப் பிரிக்காதே

என் ஓரகத்தி போன வருஷம் செத்துப்போனாள். அவள் புருஷன், என் கொழுந்தன், அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பேரும் இல்லாததால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

அவள் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நான் திருமானூர்ப் பக்கம் கொள்ளிடத் தண்ணீரில் நெல் விளையும் ஊரில் பிறந்தவள், எட்டாவது வரை படித்தவள். செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் இந்த வெங்காயக் காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அழுதேன். அவளோ பக்கத்து ஊர்க்காரி. கையெழுத்துப் போடத் தெரியாது. நாள் முழுக்க வெயிலில் களை வெட்டினாலும் சிரித்த முகத்தோடு வீடு திரும்புவாள். ஊரே அவளைத் தங்கமான புள்ள என்றது. என்னை யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

கொழுந்தன் பட்டாளத்தில் இருந்தான். ஒரு லீவில் வரும்போது டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று கொண்டுவந்து அவள் வீட்டு மாடத்தில் வைத்துவிட்டுப் போனான். பாகம் பிரித்து நடுவில் சுவர் வைத்த வீடு எங்களுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்கும். இந்தப் பக்கம் நான் அம்மியில் இருப்பேன். அந்த ஆவணியில் வெங்காயம் பிடுங்கியதும் என் வீட்டுக்காரரை நிம்மதியாக இருக்க விடவில்லை. வெங்காயத்தைக் களத்திலேயே விற்று எனக்கு ஒரு இரும்பு பீரோ வாங்கித் தர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவளிடம் இல்லாதது ஒன்று என்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரம்பலூரிலிருந்து மாட்டு வண்டியில் பீரோ வந்தது. உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

அவள் விற்கவில்லை. "தீபாவளிக்கு லீவுல வரேன், வந்து நானே விக்கிறேன், அதுவரைக்கும் பட்டறை போட்டு வை" என்று கொழுந்தன் எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியது நான்தான். காட்டோரத்தில் மூங்கில் தட்டி கட்டி, தரையில் படாமல் இருக்கக் கல் பரப்பி, அதன் மேல் காய்ந்த இலையோடு வெங்காயத்தை நீளமாக அடுக்கி, மேலே கரும்புத் தோகை வேய்ந்தாள். வெங்காயப் பட்டறை என்பது அதுதான். காற்று உள்ளே புகுந்து வெளியே போக வேண்டும், மழை மட்டும் புகக் கூடாது. அவள் போட்ட பட்டறை அந்த ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

தீபாவளி வந்தது, அவன் வரவில்லை. லீவு எல்லாருக்கும் ரத்து என்று கடிதம் வந்தது. கார்த்திகையில் சண்டை தொடங்கிவிட்டது. பாகிஸ்தானோடு, வங்காளத்துப் பக்கம் நடந்த சண்டை. அவன் எந்த எல்லையில் இருக்கிறான் என்றே எங்களுக்குத் தெரியாது.

சாயங்காலம் செய்தி கேட்க ஊர் முழுக்க அவள் வாசலில்தான் கூடியது. சண்டைச் செய்தி கேட்கக்கூட நான் அவள் வாசலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஆண்கள் அவளிடம் பேசும்போது குரலைத் தணித்துப் பேசினார்கள். ஒருத்தர் மோர் கொண்டுவந்து தந்தார், ஒருத்தர் அவள் மாட்டுக்குத் தீவனம் அறுத்துப் போட்டார். புருஷன் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா என்று கேட்பீர்கள். என்னால் முடிந்தது.

அப்போதுதான் விலை ஏறியது. வெங்காய வியாபாரி லெப்பைக்குடிக்காட்டுக்காரர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். ஆவணியில் என் வெங்காயத்தை வாங்கிப்போனவரும் அவர்தான். அவர் லாரியை எங்கள் வாசலில் நிறுத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"வடக்கேர்ந்து வெங்காயம் வர்ற ரயிலு வேகனெல்லாம் ராணுவத்துக்குப் போயிடுச்சும்மா. திருச்சியில காய் கேட்டு அடிச்சுக்கிறாங்க. உங்க ஓரகத்தி பட்டறையைப் பிரிக்கச் சொல்லுங்க. ஆவணியில நீங்க வாங்குன வெலைக்கு மூணு மடங்கு தரேன்."

"இன்னும் ஏறுமா பாய்?"

"ஏறலாம். ஆனா சண்டை நின்னா மறுநாளே எறங்கிடும். மார்கழிப் பனி வேற வருது, காய் முளைச்சுக்கும். இப்பவே குடுத்துடுறதுதான் புத்தி. நான் ஒளிச்சுப் பேசல."

மூன்று மடங்கு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் பீரோவை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாளிலிருந்து நான் நியாயம் பேச ஆரம்பித்தேன். கிணற்றடியில், கடையில், பால் ஊற்றும் இடத்தில், எங்கே நாலு பேர் நின்றாலும் பேசினேன். "அங்க புள்ளைங்க சாவுறாங்க. இங்க சில பேரு அதை வச்சுக் காசு பாக்கக் காத்துக்கிட்டு இருக்காங்க. சண்டையில வர்ற காசு ஒட்டுமா?" என்பேன். பேர் சொல்ல மாட்டேன். பட்டறை வைத்திருந்தவள் ஊரில் அவள் ஒருத்திதான், பேர் சொல்ல என்ன அவசியம்?

நான் பேசியது பொய் இல்லை. கூலிக்குப் போகும் வீடுகளில் கம்மங்கூழுக்குக் கடித்துக்கொள்ள ரெண்டு வெங்காயம்தான் அதுவரைக்கும் இருந்தது. அந்த மாசம் உப்பைத் தொட்டுக்கொண்டு குடித்தார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் இன்னொரு நியாயமும் எனக்குத் தெரியும். விலை படுத்து, வெங்காயத்தைக் காட்டு வாய்க்காலில் கொட்டிய வருஷம் எங்களை ஏனென்று கேட்க ஒரு ஆள் வரவில்லை. நஷ்டம் எங்களுடையது என்றால் லாபம் மட்டும் எப்படிப் பாவமாகும்? என் வெங்காயம் என் கையில் இருந்திருந்தால் இந்த நியாயத்தைத்தான் ஊர் முழுக்கப் பேசியிருப்பேன். கையில் இல்லாததால் அந்த நியாயத்தைப் பேசினேன்.

அந்த வாரத்தில் கொழுந்தனிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. சண்டை தொடங்குவதற்கு முன்பே எழுதியது. அவள் அதைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் படித்தேன். நலமாக இருக்கிறேன், மாட்டைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "வெங்காயம் விற்பதா வேண்டாமா என்று அண்ணியைக் கேட்டு அவர்கள் சொல்படி செய். அவர்கள் படித்தவர்கள்" என்று இருந்தது. அந்த வரியை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. என்னைப் பெருமையாகச் சொல்லும் வரி ஆயிற்றே, விடாமல் படித்தேன்.

அவள் உடனே போகவில்லை. முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, பாய் நாளைக்கு லாரி கொண்டாறேன்னுட்டுப் போயிருக்காரு. நீங்க கெணத்தடியில பேசுனதக் கேட்டேன். என்னையத்தான் சொன்னீங்கன்னு தெரியும். அதுல கோவமில்லக்கா. எனக்கே மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அவரு அங்க பனியில கெடக்குறாரு. அவரு சண்டை போடப்போட எனக்கு இங்க வெலை ஏறுது. இந்தக் காச நான் கையில வாங்கலாமா? ஆனா வுட்டுட்டா அவரு வந்து கேப்பாரு. வூட்டுக்கு ஓடு மாத்தணும்னு ஆசப்பட்டாரு. நீங்க சொல்லுங்க, விக்கட்டுமா வேணாமா?"

சண்டை நின்றால் மறுநாளே விலை இறங்கும் என்பது எனக்குத் தெரியும். பனி வந்தால் காய் முளைக்கும் என்பதும் தெரியும். விற்றுவிடு, கொஞ்சத்தைக் கூலிக்காரர்களுக்குப் பழைய விலைக்குக் கொடு என்று சொல்லியிருக்கலாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. ஆனால் அவள் கூரையில் புது ஓடு சிவப்பாக எனக்குத் தெரிந்தது.

"பட்டறையைப் பிரிக்காத புள்ள" என்றேன். "அந்தக் காசு வேணாம். அவரு நல்லபடியா வரட்டும், வந்து அவரு கையால விக்கட்டும். புருஷன் உசுருதான் முக்கியம்னு நெனைக்கிறவ சண்டைக் காசுல கை வைக்க மாட்டா."

கடைசி வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. அது வந்ததும் அவள் முகம் மாறியது. செட்டிகுளத்துக் கோயில் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாள் பாயின் லாரி காலியாகத் திரும்பியது. என்னைத் தாண்டிப் போகும்போது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கோலத்தைப் பார்த்துக்கொண்டேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. பட்டறையின் ஒரு முனையைக் கொஞ்சம் திறந்து, கூலி வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, ஆவணி விலைக்குப் படியால் அளந்து போட்டாள். காசு இல்லாதவர்களுக்குச் சும்மாவே போட்டாள். விற்காதே என்றுதான் நான் சொன்னேன், கொடு என்று சொல்லவில்லை. ஊர் பழையபடி அவளைத் தங்கம் என்றது. அவள் ஒவ்வொருத்தியிடமும், "அக்காதான் புத்தி சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கும் எனக்கு எரிந்தது.

மார்கழி பிறந்த சமயத்தில் சண்டை முடிந்தது. ரேடியோவில் கேட்டு எல்லாரும் கை தட்டினார்கள். பாய் சொன்னபடியே விலை இறங்கியது. பனி இறங்கி, பட்டறைக்குள் காய் பச்சையாக முளை குத்தியது. அவள் அதைப் பிரித்து முளைத்ததை ஒரு பக்கமும் அழுகியதை ஒரு பக்கமும் கொட்டிக்கொண்டிருந்ததை நான் என் காட்டிலிருந்து பார்த்தேன். உதவிக்குப் போகவில்லை. அன்று மத்தியானம் இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ருசியாக இருந்தது.

அந்த ருசி பத்து நாள்தான் நின்றது. சண்டை முடிந்தும் கொழுந்தனிடமிருந்து கடிதம் இல்லை. குரும்பலூரில் ஒரு பட்டாளத்துக்காரன் வீட்டுக்குத் தந்தி வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே நான் அவளுக்கு முந்தி வாசலுக்கு ஓடினேன். அவன் போய்விட்டால் புருஷனையும் இழந்து கையில் காசும் இல்லாமல் அவள் நிற்பாள், காசு இல்லாமல் நிற்க வைத்தவள் நான். அவளோ என்னைத் தேற்றினாள். "வந்துடுவாருக்கா. நாமதான் அந்தக் காசத் தொடலையே" என்றாள்.

தை பிறப்பதற்கு முன்பு ஒரு கார்டு வந்தது. கையில் குண்டுக் காயம், ஆஸ்பத்திரியில் இருந்தேன், இன்ன தேதிக்கு அரியலூரில் ரயில் இறங்குகிறேன் என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் சத்தம் போட்டுப் படித்தேன். படித்து முடிக்கும்போது நானும் அழுதேன். அந்த அழுகையில் கள்ளம் இல்லை, அதை மட்டும் நான் சத்தியம் செய்து சொல்ல முடியும்.

நாங்கள் மூன்று பேரும் பஸ் பிடித்து அரியலூர் போனோம். ரயில் நின்றதும் அவன் கட்டுப் போட்ட வலது கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினான். பாதியாய் இளைத்திருந்தான். என் வீட்டுக்காரர் அவன் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவள் அவன் பக்கத்தில் போகாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்தினாள்.

"வெங்காயம் எல்லாம் போயிடுச்சுங்க" என்றாள். "விக்க இருந்தேன். அக்காதான் வேணாம்னாங்க. அந்தக் காச வாங்கியிருந்தா நீங்க திரும்பி வந்திருக்க மாட்டீங்க. அவங்க சொன்ன சொல்லுதான் உங்களக் கொண்டாந்துச்சு."

அவன் ஓடு மாற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒற்றைக் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "நல்லா இருங்க தம்பி" என்றேன். அவன் எழுந்திருக்க முடியாமல் தடுமாறினான். அவள் தோள் கொடுத்தாள். அந்தத் தோளில் சாய்ந்தபடி அவன் நடந்ததைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

எனக்குத் திரும்பவும் வயிறு எரிந்தது. ஒரு பட்டறை வெங்காயத்தைக் கொடுத்துப் புருஷன் உயிரை வாங்கியதாக அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் இனி அவள் சாப்பிடுவாள், தூங்குவாள். என் புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில்தான் நடந்தார். அவருக்காக நான் எதையும் இழந்ததில்லை.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது. நீ நினைப்பது போல இல்லை, உன் கூரைக்கு ஓடு வரக் கூடாது என்றுதான் சொன்னேன், அவர் வந்ததற்கும் உன் வெங்காயத்துக்கும் சம்பந்தமில்லை என்று. முதலில் அது மனசாட்சி என்றுதான் நினைத்தேன். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தபோது அது என்ன என்று தெரிந்துவிட்டது. அவளிடம் மிச்சம் இருந்த அந்த நம்பிக்கையையும் பிடுங்கிக்கொள்ளத்தான் எனக்குச் சொல்லத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். அவள் சாகும்வரை திறக்கவில்லை.