மே முதல் சனிக்கிழமை

நோலீன் டிரீனுக்கு நாற்பத்தொன்பது வயது. டாஸ்மேனியாத் தீவின் தலைநகரான ஹோபார்ட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பத்தொன்பது வருடத்தில் பதினோரு வாடகை வீடுகளில் இருந்துவிட்டாள். எந்த வீட்டுச் சுவரிலும் அவள் ஆணி அடித்ததில்லை. டாஸ்மேனியாவின் மேல்சபைக்கு ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதுமில்லை.

மற்ற தேர்தல்களில் தீவு முழுக்க ஒரே நாளில் ஓட்டுப் போடும். மேல்சபை அப்படியில்லை. மொத்தம் பதினைந்து தொகுதிகள். ஒவ்வொரு மே மாதமும் முதல் சனிக்கிழமை அவற்றில் இரண்டு மூன்றுக்கு மட்டும் முறை வரும். ஒரு தொகுதிக்கு முறை திரும்பி வர ஆறு வருடம் ஆகும். ஒரே வீட்டில் இருப்பவர்கள் காத்திருந்தால் போதும். நோலீன் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தபோது கிழக்கில் ஓட்டு. கிழக்குக்குக் குடிவந்தபோது அங்கே போன மாதம்தான் போட்டு முடித்திருந்தார்கள். ஒருமுறை தவறாகக் கணக்குப் போட்டு, பள்ளி மண்டபத்தில் காலை எட்டு மணிக்கே போய் நின்றாள். புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் இயந்திரத்தை அணைத்தான்.

"என்னம்மா வேணும்?"

"ஓட்டுப் போடணும்."

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துட்டீங்களே. உக்காருங்க, டீ வேணா தரேன்."

நான்கு வருடத்துக்கு முன்னால், வாடகைக்கு இருப்பவர்களைக் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று ஒரு மசோதா மேல்சபைக்கு வந்தது. ஒரே ஓட்டில் தோற்றது. அந்த ஓட்டு மரே ட்ரிஃபிட்டுடையது. எந்தக் கட்சியிலும் இல்லாதவர், தன் தொகுதியில் எல்லாச் சாவுக்கும் போகிறவர். அடுத்த மாதமே நோலீனுக்குக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. பெட்டி கட்டும்போதே ட்ரிஃபிட்டின் முறை எப்போது வரும் என்று விசாரித்துவைத்துக்கொண்டாள். போன வருடம் வேண்டுமென்றே அவர் தொகுதியில், சுவரெல்லாம் ஈரம் கசியும் ஒரு வீட்டைப் பிடித்தாள்.

பிப்ரவரியில் அந்த வீட்டையும் விற்கப்போவதாகக் கடிதம் வந்தது. தரகர் அக்கரையில் நல்ல வீடு காட்டினார். அக்கரைக்கு முறை போன வருடமே முடிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே தொகுதியில் இருக்கும் அக்கா வெர்னாவின் கொல்லையில் நின்ற பழைய கேரவனுக்குள் சாமான்களை ஏற்றினாள். உள்ளே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நான்கு எட்டு. வேலை இல்லாத நேரத்தில் அந்த நான்கு எட்டையே நடந்துகொண்டிருந்தாள்.

"ஒரு ஓட்டுக்காகவா இங்க வந்து வெறைக்கிறே? உனக்கென்ன பைத்தியமாடி?" என்றாள் வெர்னா.

"ஆமா."

"அந்தாளு எப்படியும் ஜெயிச்சுடுவான்."

"ஜெயிக்கட்டும். ஒரு ஓட்டு கம்மியா வாங்கி ஜெயிக்கட்டும்."

ஏப்ரலில், மனுத்தாக்கல் முடிய மூன்று நாள் இருக்கையில், ரொட்டிக் கடையில் ட்ரிஃபிட்டைப் பார்த்தாள்.

"வெர்னா தங்கச்சிதானே நீ? நல்லாருக்கியா?"

"உங்கள எதுத்து யார் நிக்கிறாங்க?"

"இதுவரைக்கும் யாருமில்லம்மா. யாரும் நிக்கலேன்னா ஓட்டுப்பதிவே கிடையாது. எல்லாருக்கும் ஒரு சனிக்கிழமை மிச்சம்."

அவர் கனிவாகத்தான் சிரித்தார். அவள் வாங்க வந்ததை வாங்காமலே வெளியே வந்தாள்.

வேறு யாரும் நிற்காவிட்டால் அவளே நிற்க வேண்டியதுதான். மனுவில் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். வெர்னா முதலில் போட்டாள். மற்றவற்றைப் பேருந்துப் பணிமனையில் வாங்கினாள்.

"நீ ஜெயிச்சா எனக்கு முதுகு வலிக்காத சீட்டு வேணும்" என்று சொல்லிக்கொண்டே போட்டான் லயனல் பெஸ்டர்.

வியாழன் பதினொன்றேகாலுக்குத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். பன்னிரண்டு மணிக்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அலுவலர் பட்டியலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார்.

"லயனல் பெஸ்டர் இந்தத் தொகுதியில இல்லீங்க. போன மாசம் அக்கரைக்குப் பேரை மாத்தியிருக்கார்."

லயனலும் வாடகைக்காரன்தான்.

"இன்னொருத்தர் போட்டா போதுமா?"

"போதும். ஆனா பன்னெண்டுக்குள்ள."

தெருவுக்கு ஓடினாள். அலுவலகம் இருப்பது நகரத்தின் நடுவில். அவள் தொகுதிக்காரர்கள் இங்கே எதற்கு வரப்போகிறார்கள்? நிறுத்திய முதல் ஆள் வடக்கே லான்செஸ்டன் நகரத்திலிருந்து வந்தவன். "எங்களுக்கு வர்ற வருஷம்தான்" என்றாள் ஒரு பெண். பிறகு மூன்று பேர் நிற்கவே இல்லை. மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

ஓரமாக நின்ற காரின் கண்ணாடி இறங்கியது.

"எல்லாரையும் நிறுத்தி என்னம்மா கேக்குறே?"

வருடா வருடம் ட்ரிஃபிட் வீடுவீடாக அனுப்பும் காலண்டரில் அவர் பக்கத்தில் நிற்கும் முகம். அவர் மனைவி கோரல். நோலீன் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். காருக்குள் இருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. நடந்ததைச் சொன்னாள். மசோதாவைப் பற்றியும் பதினோரு வீடுகளைப் பற்றியும் சொன்னாள்.

"அவரு இப்பதான் உள்ள போனாரு. வேற யாரும் வரலேன்னு தெரிஞ்சுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றாள் கோரல். மடியில் இருந்த குறுக்கெழுத்தைப் பார்த்தாள். "மனுஷன் ஓட்டுக் கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டி பன்னெண்டு வருஷமாச்சு. கொண்டா இங்க."

பேனாவும் அவளுடையதே.

"ஒண்ணு சொல்லிடறேன். என் ஓட்டு உனக்குக் கிடையாது."

"வேண்டாங்க. கையெழுத்து போதும்."

அலுவலர் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ட்ரிஃபிட்டை ஒரு தரம் பார்த்தார். முத்திரை குத்தினார். பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது.

அன்று பிள்ளைகளை இறக்கிவிட்டதும் கேரவனுக்குப் போகவில்லை. வெர்னா வீட்டுத் தெருவிலேயே ஆரம்பித்தாள். முதல் கதவைத் திறந்த பெண்ணுக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"ஓட்டா? நாங்க அடுத்த வாரம் காலி பண்றோம். எங்களுக்கு இங்க கிடையாது."

"ஓட்டர் பட்டியலை மூடியாச்சுங்க. இப்ப எங்க போனாலும் உங்க ஓட்டு இங்கதான்."

அந்தப் பெண் கையிலிருந்த ஒட்டுநாடாவைக் கீழே வைத்தாள்.

"என்னைக்கு?" என்றாள்.