விரிசலை மறைத்த கலாநிதி

நகத்தளவு கறுப்பு வில்லை ஒன்று. உலோகத்தூளை அழுத்திச் சுட்டு நானே செய்தது. நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது அதன் குறுக்கே தலைமயிரைவிட மெல்லிய கோடு ஓடியது. எங்கள் ஆய்வுகூடத் தலைவரை நினைத்தால் எனக்கு முதலில் அந்தக் கோடுதான் நினைவுக்கு வருகிறது. முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால் எல்லோரும் அவரைக் கலாநிதி என்றே சொல்வோம். அவருடைய பணி ஓய்வு மலருக்கு என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். நல்லதாக எழுத ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். மற்றதை இங்கே எழுதுகிறேன்.

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருந்த சிறிய தனியார் ஆய்வுகூடம் அது. ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிருமாக வைத்தால் அந்த வில்லைகள் மின்சாரம் தரும். தேயிலைத் தொழிற்சாலையின் உலைக்குழாயில் வீணாகும் சூட்டைக்கொண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் விளக்கெரிப்பது எங்கள் திட்டம். கலாநிதி ஹேவாஹெட்டத் தோட்டத்தில் பிறந்தவர். நான் ஹந்தானை லயத்துப் பிள்ளை. "நம்ம ஆளுங்களுக்கு நாமளே செய்றோம்மா" என்பார். அதை நம்பியதற்காக இன்றும் என்மீதே எனக்குக் கோபம் வருகிறது.

விரிசலைக் கண்டதும் அவரிடம்தான் ஓடினேன்.

"சேர், சூடாக்கி ஆறவிட ஆறவிட விரிசல் பெருசாகுது. மின்தடையும் ஏறிக்கிட்டே போகுது."

"விரிசல் வெப்பத்தத் தடுக்கும்மா. அது நமக்கு நல்லதுதானே?"

பாதி உண்மை. பொருளுக்குள் இருக்கும் பொடிக் குறைகள் வெப்பத்தை மட்டும் மறித்தால், சூடு மறுபக்கம் பரவாது, நன்மைதான். குறுக்கே ஓடும் விரிசலோ மின்சாரத்தின் வழியையும் அறுத்துவிடும். அது அவருக்குத் தெரியாததல்ல. எனக்குக் கற்றுத் தந்தவரே அவர்தான். நான் விடவில்லை என்றதும் குரல் மாறியது.

"மொதத் தடவ சூடாக்கினப்ப வந்த அளவ மட்டும் போடு. நம்ம ஆளு முன்னுக்கு வர்றத நம்ம ஆளே கெடுக்கக் கூடாது."

போட்டேன். அறிக்கையில் கையெழுத்தும் வைத்தேன்.

புசல்லாவையில் ஒரு தொழிற்சாலையில் கருவியைப் பொருத்தினோம். மாலை, பேச்சு, கைதட்டல் எல்லாம் நடந்தது. உலை தினமும் மூட்டப்பட்டு, தினமும் ஆறியது. ஒரு மாதத்துக்குள் விளக்குகள் மங்கி அணைந்தன. உலையில் விறகு போடும் தொழிலாளி அளவுக்கு மீறிச் சூடேற்றிவிட்டார் என்று கலாநிதி எழுதிக் கொடுத்தார். அந்த மனிதரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கருவியைக் கழற்றப் போனபோது அவர் வாசலில் காத்திருந்தார்.

"எப்பவும் போடுற வெறகுதாம்மா போட்டேன். எனக்கு இந்த மெஷினப் பத்தி என்னா தெரியும்? நீங்களாவது சொல்லுங்க."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த வாரம் விசாரணை. தோட்ட மேலாளரான துரையின் அறையில் கலாநிதி கதிரையில் சாய்ந்திருந்தார். தொழிலாளி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு கதிரை போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் என் அளவீட்டுக் கொப்பியை மேசையில் வைத்தேன். துரைக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில் கலாநிதி மெதுவாகத் தமிழில் சொன்னார்: "ஒன்னய மகளாத்தானே பாத்தேன்."

நான் துரையிடம் சிங்களத்தில் பேசினேன். இங்கே கொண்டுவருவதற்கு முன்பே வில்லைகளில் விரிசல் இருந்தது, எங்களுக்குத் தெரியும், மறைத்த அறிக்கையில் நானும் கையெழுத்திட்டேன் என்றேன்.

தொழிலாளிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. யாரும் அவரிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. எனக்கு மறுநாளே பணிநீக்கக் கடிதம் வந்தது. நான் வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் எனக்கு முன்பே கலாநிதியின் தொலைபேசி அழைப்பு போயிருந்தது. கடைசியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கச் சேர்ந்தேன். அவருக்கு வேறு திட்டம் கிடைத்தது, பொன்னாடையும் கிடைத்தது.

போன மாதம் கண்டி பஸ் நிலையத்தில் எதிரே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"இன்னும் கோவமாம்மா?"

"அந்த ஒலையில வெறகு போட்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா, சேர்?"

"யாரு?" என்றார்.

நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தார். விளக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. அவரை அப்படியே நிற்கவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.